வாசகர் வட்டத்தில் என் மனைவி

ஜனவரி 7, ஞாயிறு

கோர்பா வந்து நான்கு நாளாகிறது. சத்தீஸ்கரில் இருக்கிறது இந்த ஊர். புதிய அனல் மின் நிலையத்துக்குப் பாய்லரை நிலைநிறுத்தும் வேலை. அக்டோபர் வரை இங்கேதான். கம்பெனி கொடுத்த டைரி சும்மா கிடக்கிறதே என்று எழுத ஆரம்பிக்கிறேன்.

வாடகை வீடு ஒற்றை அறை, அடுப்படி. குக்கர் ஒன்று, தட்டு இரண்டு. என் மனைவி திலகா கட்டிக் கொடுத்த சாம்பார்ப் பொடி. இன்று சோறு குழைந்துவிட்டது. தயிர் விட்டுச் சாப்பிட்டுவிட்டேன்.

ஜனவரி 13, சனி

திலகா ஃபோன் செய்தாள். திருவெறும்பூரில் குளிர் அதிகமாம். அவள் வேலை பார்க்கும் தபாலாபீஸ் கவுண்டரில் பொங்கல் கூட்டம். மகன் பூனாவிலிருந்து வரவில்லை, லீவு இல்லை.

பிறகு ஒன்று கேட்டாள். அவள் ஏதோ வாசகர் வட்டத்தில் இருக்கிறாள் அல்லவா, மாதத்தின் கடைசி ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு இணையத்தில் கூடுவார்கள். ஆள் குறைந்துகொண்டே போய் இப்போது நாலு பேர்தானாம். ஜெசிந்தா என்று நாகர்கோவிலில் ஓர் அம்மா நடத்துகிறார். இப்படியே போனால் நிறுத்திவிடலாம் என்கிறாராம்.

"நீங்க சேந்துக்குங்களேன். ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கீங்க."

"நான் நாவல் படிச்சு முப்பது வருஷமாச்சு."

"படிக்காட்டி பரவால்ல. தலை காட்டுனா போதும்."

சரி என்றேன். அதன் பிறகுதான் இன்னொன்று சொன்னாள். "நான் உங்க சம்சாரம்னு சொல்ல வேண்டாம். சொன்னா யாரும் என்கூடத் தாராளமா சண்டை போட மாட்டாங்க."

இதில் சண்டை வேறு உண்டா என்று கேட்டேன். "அதுக்குத்தானே போறது" என்றாள்.

ஜனவரி 28, ஞாயிறு

முதல் கூட்டம். புத்தகத்தைப் பாதிதான் படித்திருந்தேன். சினிமாக் கொட்டகை நடத்திய குடும்பத்தின் கதை.

திரையில் ஐந்து சதுரம். ஜெசிந்தா ஓய்வுபெற்ற நர்ஸ். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கொண்டு பேசுகிறார். தர்மபுரியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் புகழேந்தி. ஷார்ஜாவிலிருந்து நஸ்ரின் என்ற பெண். அப்புறம் திலகா. அப்புறம் நான்.

ஜெசிந்தா விதி சொன்னார். "ஒருத்தர் பேசி முடிக்கது வரைக்கும் மத்தவங்க மைக்கை அணைச்சுப் போடணும். இடையில கேறிப் பேசப்பிடாது கேட்டியளா."

திலகா கால் மணி நேரம் பேசினாள். அந்தக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவன் ஏன் ஒரு படத்தையும் முழுதாகப் பார்ப்பதில்லை என்பதைப் பற்றி. நான் மைக்கை அணைத்திருந்தேன். அவள் அவ்வளவு நேரம் தொடர்ச்சியாகப் பேசக்கூடியவள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் பேசுவதற்கு அவ்வளவு விஷயம் இருப்பதில்லை, அதனால் இருக்கலாம்.

கடைசியில் என்னைக் கேட்டார்கள். கொட்டகையின் புரொஜெக்டர் பற்றி எழுதியிருப்பது தொழில்நுட்ப ரீதியில் தவறு என்றேன். ஜெசிந்தா அடுத்த மாதப் புத்தகத்தின் பெயரைச் சொன்னார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கூலிங் டவர் பக்கம் வேலை நின்றுவிட்டது. திலகா அழைத்தாள். கேஸ் சிலிண்டர் புக் செய்தாயா, வீட்டு வரி கட்டினாயா என்று கேட்டேன். செய்துவிட்டாளாம், கட்டிவிட்டாளாம். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இந்த மாதத்துப் புத்தகத்தை முடித்துவிட்டேன். அண்ணன் தம்பி இருவர் ஒரு கிணற்றைப் பங்கு பிரிக்கும் கதை. மோட்டார் விஷயங்கள் சரியாக இருக்கின்றன. படிக்க ஆரம்பித்ததில் பருப்பு வெந்ததைக் கவனிக்கவில்லை. பாதகமில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

இன்று சண்டை நடந்தது.

தம்பி செய்தது நியாயம், அண்ணன் பைப்பை அறுத்ததுதான் குற்றம் என்றேன். ஆதாரத்தோடு சொன்னேன். திலகா மைக்கைத் திறந்தாள்.

"குமரகுருபரன் சார் சொல்றதை நான் ஒத்துக்கல."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அவள் வாயிலிருந்து என் பெயரைக் கேட்பது இதுதான் முதல் தடவை. இதுவரை "என்னங்க"தான், அடுத்தவரிடம் பேசினால் "எங்க வீட்ல அவரு"தான்.

"சாருக்கு யார் சரி, யார் தப்புன்னு தெரிஞ்சா போதும். அந்த அண்ணன் பைப்பை அறுக்கறதுக்கு முந்தி மூணு அத்தியாயம் தம்பி வீட்டு வாசல்ல போய்ப் போய் நின்னுட்டு வர்றான். அதை சார் தாண்டிட்டுப் போயிட்டாரு."

புகழேந்தி சிரித்தார். "மேடம் சாரை வசமா புடிச்சிட்டாங்க!"

நான் அந்த மூன்று அத்தியாயங்களைத் தாண்டிப் படித்தது உண்மை. அவளுக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் ஃபோன் செய்து அதையே கேட்டேன். "நீங்க பேப்பர் படிக்கற மாதிரியே படிச்சிருப்பீங்கன்னு தெரியாதா?" என்று சிரித்தாள். தாண்டிய பக்கங்களை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9, சனி

பாய்லரின் பெரிய இரும்பு டிரம்மைக் கிரேனில் தூக்கி உட்கார வைக்கும் வேலை. காலையிலிருந்து வெயிலில். பத்தரைக்குத் திலகா அழைத்தாள். வேலை நேரத்தில் அழைக்கிறவள் இல்லை.

"என்னங்க, ஒரு விஷயம்..."

அதற்குள் கிரேன் வந்துவிட்டது. சாயங்காலம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் பேசினோம். ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றாள். டிரம் நல்லபடியாக உட்கார்ந்துவிட்டது. எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

மார்ச் 20, புதன்

ரசம் வைத்தேன். நன்றாக வந்தது.

மார்ச் 31, ஞாயிறு

இந்த மாதம் கப்பலில் வேலை செய்பவனின் மனைவியைப் பற்றிய நாவல். கணவன் கடலில் இருக்கும்போது ஊரில் வெள்ளம் வந்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அவள் அவனுக்குச் சொல்லவே இல்லை. அவன் திரும்பி வந்து சுவரில் தண்ணீர்க் கறையைப் பார்க்கிறான்.

தகவலை மறைத்தது அவள் பிழை என்றேன். அவனால் ஏதாவது ஏற்பாடு செய்திருக்க முடியும், பணம் அனுப்பியிருக்கலாம், ஆள் அனுப்பியிருக்கலாம்.

நஸ்ரின் என்னோடு ஒத்துக்கொண்டாள். "நானும் இங்க தனியா இருக்கேன். வீட்ல எதையாச்சும் மறைச்சாங்கன்னு தெரிஞ்சா எனக்கு ரொம்பக் கோவம் வரும்."

திலகா மைக்கைத் திறந்தாள். பிறகு சொன்னாள்: "அவ மறைக்கலைம்மா நஸ்ரின். சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும் இல்லையா. ஃபோனை எடுத்துட்டா மட்டும் அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு ஆயிடுமா?"

ஜெசிந்தா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

நான் பதில் சொல்லலாம் என்று மைக்கைத் திறந்தேன். மறுபடி அணைத்துவிட்டேன். நாவலாசிரியர் அந்தக் கணவனைக் கொஞ்சம் மோசமாகவே எழுதிவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

தமிழ்ப் புத்தாண்டு. இங்கே அப்படி ஒரு நாள் இருப்பதே யாருக்கும் தெரியாது. வேப்பம்பூ கிடைக்கவில்லை. பச்சடியில்லாமல் ஒரு புத்தாண்டு.

திலகா குரல் சோர்வாக இருந்தது. நாளைக்கு லீவு போட்டிருக்கிறாளாம், ஆஸ்பத்திரி வரை போக வேண்டுமாம். யாரோ சேர்ந்திருக்கிறார்கள் போல. ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போ என்றேன். சரி என்றாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே கூட்டத்தில் நுழைந்துவிட்டேன். முகச்சவரம் செய்யவில்லை என்று கேமராவை அணைத்து வைத்திருந்தேன். ஜெசிந்தாவும் திலகாவும் மட்டும் இருந்தார்கள். நான் வந்ததை ஜெசிந்தா கவனிக்கவில்லை.

"திலகா, ஊசி போட்டு எடுத்தாவளே, அந்த ரிப்போர்ட் வந்தாச்சா மக்களே? மார்புல கட்டின்னா சும்மா விடப்பிடாது கேட்டியா."

திலகாவின் கண் திரையில் ஓரிடத்துக்குப் போனது. என் பெயர் இருந்த இடமாகத்தான் இருக்க வேண்டும்.

"அக்கா, அப்புறம் பேசுவோம்."

"ஐயோ, சார் இருக்கியளா? நான் பாக்கவே இல்லையே. மன்னிச்சுக்கிடுங்க சார்."

"பரவாயில்லைங்க" என்றேன். அந்த வார்த்தை எப்படி வந்ததென்று தெரியாது.

பிறகு புகழேந்தி வந்தார், நஸ்ரின் வந்தாள், கூட்டம் தொடங்கியது. ஏதோ ஒரு சர்க்கஸ் நாவல். நான் யாரோ ஒருவனாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். திலகா பேசினாள். கோமாளியைப் பற்றி ஏதோ சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அணைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். அவள் முகம் திரையில் இருந்தது, அதனால் போகவில்லை.

முடிந்ததும் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எப்போலேர்ந்து?"

"மார்ச் மாசமே. குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஊசியில சரியாத் தெரியலையாம். ஆபரேஷன் பண்ணிக் கட்டியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணுமாம். வர்ற வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையா! என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்ல வந்தேங்க" என்றாள். சண்டைக் குரலில்லை. கவுண்டரில் வந்தவரிடம் ஸ்டாம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அந்தக் குரல்.

எப்போது வந்தாய் என்று நான் கேட்கவில்லை. சைட்டில் சத்தம் அதிகம். அது உண்மைதான்.

ஏப்ரல் 29, திங்கள்

நாலு வாரம் லீவு கேட்டேன். சர்வீஸில் இதுவரை இப்படிக் கேட்டதில்லை என்பதால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள். பிலாஸ்பூர் வந்து சென்னை ரயிலுக்குக் காத்திருக்கிறேன். கப்பல்காரன் நாவலைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. ஒரு தடவை படித்ததுதானே.

மே 1, புதன்

வீடு. கதவைத் திறந்தவள், "தாடி என்ன இப்படி வளந்து கெடக்கு? சாப்டீங்களா?" என்றாள். அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றேன். கேட்கவில்லை. தோசை வார்த்தாள். நான் சாப்பிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

ரயில் முழுக்க என்னென்ன கேட்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். எந்த டாக்டர், எவ்வளவு நேர ஆபரேஷன், மயக்க ஊசி முழுசா பாதியா, இன்ஷூரன்ஸ். கேட்க வாய் திறந்தபோது அவள் ரிப்போர்ட் ஃபைலை எடுத்து என் பக்கம் தள்ளினாள். எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தாள். நான் கேட்கப்போகிற கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கிறதாம்.

ஃபைலை ஓரமாக வைத்தேன்.

"நான் மைக்கை அணைச்சுட்டேன் திலகா. நீ சொல்லு."

முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து அவள் பக்கத்து நாற்காலிக்குப் போனேன். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்குக் குளியலறையில் ரொம்ப நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டபடியே நின்றிருந்ததை. கவுண்டரில் பணம் எண்ணும்போது எண்ணிக்கை விட்டுப் போவதை. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே என்று அலமாரி டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டியதை. ஸ்கேன் அறையில் ஏசி குளிராக இருந்ததை. ஜெசிந்தாவிடம் சொன்னது அவர் நர்ஸ் என்பதால் மட்டும் இல்லையாம். "அவங்க ஒண்ணும் பதில் சொல்ல மாட்டாங்க. உம் கொட்டிட்டே இருப்பாங்க."

நான் உம் கொட்டினேன். நடுவில் இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்தது. சொல்லவில்லை.

அடுப்படியில் போய்ப் பார்த்தேன். உளுந்து, கடலை, வெந்தயம் எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மே 3, வெள்ளி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகன் பூனாவிலிருந்து காலை விமானத்தில் வந்துவிட்டான். உள்ளே கொண்டுபோகும்போது திலகா என் கையில் வளையலையும் தாலிச் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, "இந்த மாசப் புத்தகம் படிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப வெளிய சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? பையில வச்சிருக்கேன், படிங்க."

எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரே பக்கத்தில் இருந்தேன்.

மே 6, திங்கள்

மகன் ஊருக்குத் திரும்பினான். திலகாவுக்கு இடது கையை உயர்த்தக் கூடாது. தலை சீவிவிட்டேன். வகிடு கோணலாக வந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கிணத்துக்குப் பைப் போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

மே 8, புதன்

ரிப்போர்ட் வரவில்லை.

மே 9, வியாழன்

வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு புத்தகத்தோடு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். இருவரும் ரொம்ப நேரமாகப் பக்கம் திருப்பவில்லை என்பதை இரண்டு பேருமே கவனித்தோம் என்று நினைக்கிறேன்.

மே 10, வெள்ளி

சாதாரணக் கட்டி. புற்று இல்லை.

டாக்டர் சொன்னதும் திலகா நன்றி சொன்னாள். நான் எழுந்து நின்று, ஏனோ டாக்டருக்கு சல்யூட் போல ஏதோ செய்துவிட்டேன். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் கரும்புச் சாறு குடித்தோம். அவள் ஜெசிந்தாவுக்கு ஃபோன் போட்டாள். அந்த அம்மாள் "ஏசுவே" என்று சத்தமாகச் சொன்னது எனக்கே கேட்டது. பேசி முடித்ததும் இன்னொரு டம்ளர் வாங்கினோம். இஞ்சி கூடப் போடச் சொன்னாள்.

மே 26, ஞாயிறு

இன்றுதான் நன்றாகச் சிரித்தேன்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படிக் கூட்டத்துக்குப் போவது? ஒரே ஃபோனில் உட்கார்ந்துவிடலாம் என்றேன். திலகா சம்மதிக்கவில்லை. "அப்புறம் புகழேந்தி சார் என்னை எதுத்துப் பேச மாட்டாரு." அவள் படுக்கையறையில், நான் ஹாலில். இரண்டு பேரும் காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டோம்.

இந்த மாதம் ஒரு விடுதிச் சமையல்காரனின் கதை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே பக்கத்தில் நின்ற அதே புத்தகம்தான். பிறகு ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன். அவன் கடைசியில் வேலையை விட்டுப் போவது கோழைத்தனம் இல்லை, அதற்கு முன்பே அவன் மனசளவில் கிளம்பிப் போய்விட்டான் என்றேன். திலகா எதிர்த்தாள். கோழைத்தனமேதானாம். நான் விடவில்லை. எத்தனையாவது அத்தியாயம் என்று சொல்லியே பேசினேன். நஸ்ரின் என் பக்கம், புகழேந்தி அவள் பக்கம்.

அந்த நேரத்தில் குக்கர் விசிலடித்தது.

நஸ்ரின்தான் முதலில் நிறுத்தினாள். "குமரகுருபரன் சார் வீட்லயும் விசில் கேட்டுச்சு, திலகா ஆன்ட்டி வீட்லயும் கேட்டுச்சு."

"எதிரொலியா இருக்கும்" என்றேன்.

மறுபடி விசில். திலகா மைக்கை அணைக்கவில்லை. வீட்டுப் பழக்கத்தில் கத்திவிட்டாள்.

"என்னங்க, மூணு விசில் ஆச்சு, போய் அணைங்க!"

நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் புரிந்தது. அணைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது திரையில் மூன்று பேரும் வாயைத் திறந்தபடி இருந்தார்கள்.

புகழேந்தி கேட்டார். "சார், மேடம் கூப்பிட்டா நீங்க எதுக்கு எந்திரிச்சுப் போறீங்க?"

திலகா படுக்கையறையிலிருந்து எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். சொல்லிவிட்டோம். நஸ்ரின் கைதட்டிக் கத்தினாள். புகழேந்தி தலையில் அடித்துக்கொண்டார். "அஞ்சு மாசமா புருசன் பொண்டாட்டி சண்டைக்கா நான் நடுவுல நாட்டாமை பண்ணிட்டிருந்தேன்? எங்க வீட்ல சொன்னா நம்பவே மாட்டாங்களே!"

ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அப்பம் அன்னைக்கு நான் கேட்டது... சாருக்கு அதுக்கு முன்ன தெரியாதா?"

புகழேந்திக்கும் நஸ்ரினுக்கும் எதைப் பற்றி என்றே தெரியாது. திலகா என் தோளில் கை வைத்தாள். வலது கை.

"தெரியாதுங்க" என்றேன். "நீங்க கேட்டதாலதான் தெரிஞ்சது. கேக்காம இருந்திருந்தா அந்த வெள்ளிக்கிழமை வேலையில நின்னுக்கிட்டு இருந்திருப்பேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை."

"நன்றி ஒண்ணும் வேண்டாம் சார்" என்றார் அவர். மூக்கை உறிஞ்சினார். "ரெண்டு பேரும் ஒத்த சதுரத்துல இருந்துக்கிடுங்க. ஆனா சண்டையை மட்டும் விட்டுராதீங்க. அப்புறம் எங்களுக்கு என்ன இருக்கு?"

கூட்டம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். சமையல்காரன் கோழைதான் என்று திலகா மறுபடி ஆரம்பித்தாள். சோறு ஆறியே போய்விட்டது.

மே 29, புதன்

கோர்பாவுக்குக் கிளம்புகிறேன். அக்டோபருக்குப் பிறகு இரண்டு வருஷம் நீட்டிக்கலாம் என்று ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். திலகாவிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். அது ஒரு பதிலே இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டேன். "வந்துடுங்க" என்றாள். முடியாது என்று ஆபீஸுக்கு எழுதிவிட்டேன்.

ஜூன் 19, புதன்

முதல் மழை. வேலை சீக்கிரம் முடிந்தது. பருப்பை அடுப்பில் வைத்திருந்தபோது திலகா அழைத்தாள்.

"என்னங்க, வேலையா இருக்கீங்களா?"

"இல்லை, சொல்லு."

பதவி உயர்வு வந்திருக்கிறதாம். முசிறிப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸுக்குப் போஸ்ட் மாஸ்டராகப் போகச் சொல்கிறார்களாம். இன்று பகல்தான் ஆர்டர் வந்ததாம்.

"பையன்கிட்ட சொல்லிட்டியா? ஜெசிந்தா மேடத்துக்கு?"

"இன்னும் யாருக்கும் சொல்லலை. உங்ககிட்டதான் முதல்ல."

தினமும் பஸ்ஸில் போய் வருவது கஷ்டம், அந்தப் பக்கம் பஸ் எத்தனை மணிக்கு, சம்பளத்தில் எவ்வளவு கூடும் என்று எனக்கு வரிசையாகத் தோன்றியது. "உனக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் பேச ஆரம்பித்தாள். பயமாக இருக்கிறது என்றாள். சின்ன ஆபீஸ், வாசலில் ஒரு புங்க மரம், ஒரு தடவை மாற்று வேலைக்குப் போனபோது பார்த்திருக்கிறாளாம். தனக்கென்று ஒரு மேசை, ஒரு முத்திரை. போகலாம் போலவும் இருக்கிறதாம். வெளியே மழை வலுத்தது. அவள் குரல் சரியாகக் கேட்கவில்லையென்று ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. மேலாக எடுத்துச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.